கையின் தோலும் செய்யும் தொழிலும்

(சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை, வெள்ளிவிழா மலருக்காக எழுத்து வடிவில்)



கல்விக்கென்று தோன்றிய ஒரு சங்கத்தின் வெள்ளிவிழாவில் கைத்தோலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் வினவக்கூடும். நம் பிள்ளைகள் எழுதுகோல் பிடிப்பதற்கு முன்னே நம் பெற்றோர் சுண்ணாம்புக் குழியிலும் சாக்கடையிலும் கலவைச் சட்டியிலும் கைவைத்தனர். இன்றும் பலர் வைக்கின்றனர். பள்ளிக் கட்டணமும் புத்தகமும் அக்கைகளின் வழியாகவே நம் வீடுகளுக்கு வந்தன. அக்கைகளுள் பல தடித்து, செதில் செதிலாக உரிந்து, மடிப்புதோறும் வெடித்துக் கிடப்பதை நாம் அறிவோம். அறிந்தும் அதனைப் பற்றி நாம் பேசுவதில்லை.

பேசுவோரும் இரு வகையாகப் பேசுகின்றனர். மேடையில் நிற்பவர், உழைத்துக் காய்த்த கை என்று புகழ்கின்றார். கடைத்தெருவில் நிற்பவர், அக்கையைக் கண்டதும் மீதிச் சில்லறையைக் கையில் கொடாமல் பலகைமேல் வைக்கின்றார். புகழ்ச்சியால் அரிப்பு ஆறுவதில்லை. இகழ்ச்சியால் வெடிப்பு மூடுவதுமில்லை. இவ்விருவரும் அக்கையை அதன் உடையவரின் பிறவியோடு சேர்த்தே பார்க்கின்றனர். இவ்விரு பார்வைகளையும் விலக்கி, அறிவியல் காட்டும் மூன்றாம் பார்வையை இளைஞர்முன் வைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

தோலின் இயல்பு

நம் உடலின் மேற்றோல் பல அடுக்குகளால் ஆனது. அடியில் உயிருள்ள செல்கள் பிறக்கின்றன. அவை மேல்நோக்கி நகர்ந்து, தட்டையாகி, உயிர்நீங்கி, இறுதியில் கெராட்டின் என்னும் உறுதியான புரதம் நிறைந்த தகடுகளாக மேற்புறத்தில் அடுக்கப்படுகின்றன. மயிரும் நகமும் விலங்கின் கொம்பும் இக்கெராட்டினால் ஆனவையே. தகடுகளுக்கு இடையே கொழுப்புப் பொருள்கள் நிரம்பி நிற்கின்றன. செங்கல்லும் சாந்தும் போல் இவ்விரண்டும் சேர்ந்தே, வெளியிலுள்ளது உள்ளே புகாமலும் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமலும் காக்கின்றன. அடியில் பிறந்த செல் மேலே வந்து உதிர்வதற்கு ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகின்றன.

உள்ளங்கையின் தோலுக்குத் தனி இயல்பு உண்டு. உடலிலேயே மிகத் தடித்த மேற்றோல் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலுமே உள்ளது. ஆனால் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகள் அங்கே இல்லை. எனவே சோப்பும் காரமும் ஒருமுறை எடுத்துச்சென்ற கொழுப்பை, நெற்றித் தோலைப்போல் உள்ளங்கை தன் எண்ணெயால் ஈடுசெய்துகொள்ள இயலாது. வலியது என்று நாம் கருதும் உள்ளங்கை இவ்வகையில் வறியது.

தோலை மேலும் மேலும் உராய்ந்தாலோ அரித்தாலோ, அது தன்னைக் காத்துக்கொள்ளச் செல்களை விரைந்து பெருக்குகின்றது. அதனால் தோல் தடிக்கின்றது. தடித்த தோல் வளையாது. வளையாத தோல், கைமூடித் திறக்கும்போது வெடிக்கின்றது. வெடிப்பின் வழியே நச்சுப்பொருள் இன்னும் ஆழமாக இறங்குகின்றது. நோய் தன்னைத் தானே வளர்க்கும் சுழல் இவ்வாறு தொடங்குகின்றது.

தடித்த கைகள் அனைத்தும் ஒன்றல்ல

கை தடித்து உரிவதற்குக் காரணங்கள் பல. அவற்றை வேறுபடுத்தி அறிவது மருத்துவர் பணி. ஆயினும் அடிப்படை வேறுபாடுகளைப் படித்த இளைஞர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

முதலாவது, காய்ப்பு. மண்வெட்டி, சுத்தி, துடைப்பத்தின் பிடி அழுத்தும் இடங்களில் மட்டும் தோன்றும். அரிப்பு இராது. வேலை நின்றால் மெல்லக் கரையும். இது நோயன்று.

இரண்டாவது, கரப்பான் எனப்படும் எக்சிமா. தொடக்கத்தில் சிவந்து, அரித்து, சிறு நீர்க்கொப்புளங்கள் தோன்றும். நாட்பட நாட்படத் தடித்து வறண்டு வெடிக்கும். வெளிப்பொருள் படுவதால் வரும் கரப்பானே நம் தொழிலாளரிடையே முதன்மையானது. அதைப் பற்றிப் பின்னர் விரிவாகக் காண்போம்.

மூன்றாவது, சொரியாசிஸ். செல்கள் நான்கு வாரத்திற்குப் பதிலாகச் சில நாட்களிலேயே மேலே வந்து குவிவதால், வெள்ளிநிறச் செதில்களோடு எல்லை தெளிந்த திட்டுகள் உண்டாகும். முழங்கை, முழங்கால், தலை, நகம் ஆகிய இடங்களிலும் பெரும்பாலும் அதன் அடையாளம் இருக்கும். இது ஒருவரிடமிருந்து மற்றவர்க்கு ஒட்டாது.

நான்காவது, பூஞ்சைப் படை. பாதம் இரண்டிலும் இருந்துகொண்டு ஒரே ஒரு கையில் மட்டும் மாவு பூசினாற்போல் உரிவது இதன் பழகிய தோற்றம். இது ஒட்டக்கூடியது, தக்க மருந்தால் தீரக்கூடியது.

ஐந்தாவது, பிறவிவழி வரும் தடிப்பு. குடும்பத்தில் தலைமுறைதோறும் சிலர்க்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் இளமையிலேயே தடித்துவிடும். இது மரபணுவின் மாற்றம். எக்குலத்திலும் எந்நாட்டிலும் தோன்றுவது.

இங்கே தொழுநோயைப் பற்றியும் ஒரு சொல் கூறியாக வேண்டும். தடித்த கையைக் கண்டதும் ஊரார் முதலில் முணுமுணுப்பது அப்பெயரையே. கரப்பான் அரிக்கும், எரியும், நோகும். தொழுநோயின் அடையாளம் உணர்ச்சி குன்றுதலே: நிறம் மங்கிய திட்டில் தொடு உணர்வு இராது, சூடு பட்டாலும் தெரியாது. அத்தகைய அடையாளம் இருப்பின் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. 1982இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறையால் அந்நோய் முற்றிலும் குணமாகின்றது. மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். எனவே 'எமக்கு வந்தது தொழுநோயன்று' என்று மார்தட்டி, அந்நோய் உடையாரை நாம் ஒதுக்குவதும் தகாது. ஒதுக்கப்படுதலின் வலியை அறிந்தவர்கள் மற்றொருவரை ஒதுக்கலாகாது.

விலங்கின் தோலும் மனிதரின் தோலும்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, திண்டுக்கல் என்று தோல் பதனிடும் ஊர்களின் பெயர்களை அடுக்கினால், நம் உறவினர் இல்லாத ஊர் ஒன்றும் இராது. அங்கே நடப்பது என்ன?

உப்பிட்ட பச்சைத் தோலை முதலில் நீரில் ஊறவைப்பர். பின்னர் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த கரைசலில் இடுவர். மயிர் நெகிழ்ந்து கழன்றுவிடும். மயிர் ஏன் கழல்கின்றது? அது கெராட்டினால் ஆனது. சல்பைடு கெராட்டினைக் கரைக்கின்றது. இளைஞர்களே, நம் கையின் மேற்றகடும் அதே கெராட்டின்தான் என்று சற்று முன் கண்டோம். ஆட்டின் மயிரைக் கரைக்கும் நீர், அதைப் புரட்டிப்போடும் மனிதரின் கைத்தோலை மட்டும் விட்டுவிடுமா? வேதியியலுக்கு ஆடு என்றும் ஆள் என்றும் வேற்றுமை தெரியாது.

அடுத்தது பதனிடுதல். முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டனர். பின்னர் குரோமிய உப்புகள் பெருவழக்காயின. குரோமியம் விலங்குத் தோலின் புரதத்தோடு பிணைந்து அதை அழுகாத பொருளாக்குகின்றது. அவ்வாறு பதமான ஈரத்தோல் வெளிர் நீல நிறமாக இருக்கும். இக்குரோமியம் மனிதத் தோலில் நுழைந்தால் அங்கும் புரதத்தோடு பிணைகின்றது. அப்பிணைப்பைச் சிலருடைய உடல் அயலாகக் கருதிப் போர் தொடுக்கின்றது. அதுவே ஒவ்வாமைக் கரப்பான். குரோமியத்தின் வடிவங்களுள் அறுவலுக் குரோமியம் எனப்படுவது மிகக் கொடியது. தோலில் எளிதாக நுழையும். அது நேரே பட்டால், வட்டமாகத் துளையிட்டாற்போன்ற புண்ணையும் உண்டாக்கும்.

எனவே தொழிலால் வரும் கரப்பான் இரண்டு வகை என்று மனத்திற் கொள்ளுங்கள். ஒன்று உறுத்தலால் வருவது: சுண்ணாம்பு, சல்பைடு, சோப்பு, வெளுக்கும் தூள் ஆகியவை போதிய அளவு பட்டால் எவருடைய கையும் புண்ணாகும். மற்றொன்று ஒவ்வாமையால் வருவது: பத்துப் பேர் ஒரே வேலையைச் செய்ய, ஒருவர்க்கு மட்டும் வரலாம். அவ்வொருவரைப் பார்த்து, 'மற்றவர்க்கு இல்லாதது உனக்கு மட்டும் ஏன்? உன் உடம்புதான் கெட்டது' என்று மேற்பார்வையாளர் கூறுவது அறியாமை. ஒவ்வாமை உடல் ஒருமுறை கற்றுக்கொண்டதைப் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் மறப்பதில்லை. அதன்பின் மிகச் சிறிய அளவே போதும்; குரோமியத்தால் பதனிட்ட தோற்செருப்பு அணிந்தாலும் பாதத்தில் கரப்பான் எழும்.

சிமெண்டும் ஈரமும்

கட்டட வேலை செய்யும் நம் சகோதர சகோதரியர்க்கும் இதே குரோமியம்தான் பகை. சிமெண்டில் சிறிதளவு அறுவலுக் குரோமியம் கலந்துள்ளது. ஈரச் சிமெண்ட் கடுங்காரமானது. அது முதலில் தோலின் சாந்தை அரிக்கின்றது, பின்னர் குரோமியம் உட்புகுகின்றது. கதவைக் கொல்லர் உடைக்க, உள்ளே கள்வர் நுழைவது போன்றது இது.

இதற்குத் தீர்வே இல்லையா? உண்டு, அதுவும் எளியது. சிமெண்டோடு இரும்பு சல்பேட் சிறிதளவு சேர்த்தால் அறுவலுக் குரோமியம் தீங்கு குறைந்த வடிவாக மாறிவிடும். டென்மார்க் நாட்டில் 1981 முதல் அவ்வாறு செய்தனர். அந்நாட்டுக் கட்டடத் தொழிலாளரிடையே குரோமிய ஒவ்வாமை குறைந்தது. 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும், கைபடும் சிமெண்டில் கரையும் அறுவலுக் குரோமியம் பத்து இலட்சத்தில் 2 பங்கிற்கு மேல் இருக்கலாகாது என்று விதித்துள்ளனர். இச்செய்தியை ஊன்றி நோக்குங்கள். அந்நாட்டுத் தொழிலாளர் வேறு கைகளோடு பிறக்கவில்லை. அவர்கள் தொட்ட சிமெண்ட் மாற்றப்பட்டது, கை பிழைத்தது. கையில் கண்ட நோயின் மூலம் மூட்டையில் இருந்தது.

பொருளே இன்றி, வெறும் நீரும் தீங்கு செய்யும். நாளொன்றுக்கு 2 மணி நேரத்திற்கு மேல் கை நீரில் கிடந்தால் அதனை 'ஈர வேலை' என்று ஜெர்மனியின் தொழிற்பாதுகாப்பு விதிகள் வகைப்படுத்துகின்றன. நம் தாய்மார்களை எண்ணிப் பாருங்கள். பிறர் வீட்டுப் பாத்திரம், பிறர் வீட்டுத் துணி, பிறகு தம் வீட்டுப் பாத்திரம், தம் வீட்டுத் துணி! அவர்களுடைய விரலிடுக்கில் தொடங்கும் வெடிப்பை 'சேற்றுப்புண் போல் ஏதோ' என்று நாம் தள்ளிவிடுகிறோம். துப்புரவுப் பணியாளர் கையில் வெளுக்கும் தூளும் பினாயிலும் அழுகிய நீரும் சேர்ந்து படுகின்றன. ஓட்டை விழுந்த உறைக்குள் அந்நீர் புகுந்தால், உறையே இல்லாததைவிடக் கேடு மிகுதியாகும்.

மருத்துவர் கேட்க வேண்டிய வினா

நோயையும் அதன் மூலத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்தல் வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. அம்மூலம் தொழிலில் இருக்கக்கூடும் என்பதை மேலைநாட்டு மருத்துவ உலகிற்கு அழுத்தமாக உணர்த்தியவர் இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி. அவர் 1700ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்நூல் எழுதுவதற்கு அவரைத் தூண்டியவர் யார் தெரியுமா? மொடீனா நகரில் அவர் இல்லத்தின் மலக்குழியைத் தூய்மை செய்ய வந்த ஒரு தொழிலாளி. அவர் மிகுந்த விரைவோடு வேலை செய்வதைக் கண்டு காரணம் கேட்டார் ராமசினி. நெடுநேரம் அங்கிருந்தால் கண் கெட்டுவிடும் என்று அத்தொழிலாளி விடையிறுத்தார். அவ்விடையைக் கேட்ட மருத்துவர், தம் நகரத்தின் தொழிற்கூடங்களையெல்லாம் சுற்றிப் பார்க்கலானார். தோல் பதனிடுவோரைப் பற்றியும் மலக்குழி தூய்மை செய்வோரைப் பற்றியும் எழுதினார். நோயாளியிடம் மருத்துவர் பழங்காலம் முதல் கேட்டுவரும் வினாக்களோடு, 'நீர் என்ன தொழில் செய்கிறீர்?' என்னும் வினாவையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று அறிவுறுத்தினார்.

ஒரு துப்புரவுத் தொழிலாளி சொன்ன விடையிலிருந்து மருத்துவத்தின் ஒரு துறையே வளர்ந்தது என்பதை நம் இளைஞர்கள் மறத்தல் கூடாது. அவர் அன்று வாய்திறந்து சொல்லாமல் இருந்திருந்தால் அம்மருத்துவருக்கு ஒன்றும் தெரிந்திராது.

கேட்பதால் மூலம் வெளிப்படும் என்பதற்கு நம் நாட்டிலேயே மற்றொரு சான்று உண்டு. மேற்கு வங்கத்துச் சிற்றூர்களில் பலருடைய உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கரடுகரடாகத் தடிப்பும் உடலில் கரும்புள்ளிகளும் தோன்றின. கல்கத்தாவில் தோல்நோய் மருத்துவராக இருந்த கே.சி. சாகா, 1980களின் தொடக்கத்தில் அவற்றை ஆர்செனிக் நஞ்சின் அடையாளங்கள் என்று இனங்கண்டார். நஞ்சு வந்த வழி அவர்கள் நாள்தோறும் அருந்திய குழாய்க்கிணற்று நீர். அங்கும் நோய் கையில் தெரிந்தது. மூலம் கைக்கு வெளியே இருந்தது.

இனி நம் நிலைக்கு வருவோம். அரசு மருத்துவமனைச் சீட்டில் தொழில் என்னும் இடத்தில் நம்மவர்க்குப் பெரும்பாலும் எழுதப்படுவது 'கூலி' என்னும் ஒரு சொல். சுண்ணாம்புக் குழியில் நிற்பவரும் கூலி; சிமெண்ட் குழைப்பவரும் கூலி; சாக்கடை அள்ளுபவரும் கூலி. அச்சொல் மருத்துவர்க்கு எதையும் உணர்த்தாது. அவர் ஒரு களிம்பு எழுதிக் கொடுப்பார், அது பத்து நாள் கேட்கும், கை மீண்டும் அக்குழிக்கே செல்லும், நோயும் மீளும்.

கூலி என்று சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை மறைக்காமல் பேசுவோம். நம் நாட்டில் தொழிலைச் சொன்னால் சாதி தெரிந்துவிடுகின்றது. படித்த மகன், தந்தையாரைத் தோல்நோய்ப் பிரிவிற்கு அழைத்துச் செல்கின்றான். வரிசையில் பலர் நிற்கின்றனர். 'அப்பா என்ன வேலை செய்கிறார்?' என்று கேட்கப்படும்போது, 'கம்பெனி வேலை' என்று மகன் முந்திக்கொண்டு விடை கூறுகின்றான். அம்மறைப்பு அவனுக்கு ஒரு நொடி வெட்கத்தைத் தவிர்க்கின்றது. தந்தையார்க்கு ஓராண்டு நோயைத் தருகின்றது. அவனைப் பழிப்பது நம் நோக்கமன்று. அவ்வெட்கத்தை அவன் நெஞ்சில் விதைத்தது இச்சமூகம். ஆனால் அதைப் பிடுங்கி எறிய வேண்டியது அவன் பெற்ற கல்வி. வெட்கப்பட வேண்டியது தொழிலைச் செய்தவரல்லர். உறையின்றி, ஓய்வின்றி அத்தொழிலைச் செய்ய விட்டவர்களே.

மருந்தும் காப்பும்

மருத்துவரிடம் செல்கையில் இவற்றைச் சொல்லுதல் வேண்டும்: என்ன தொழில், எந்தப் பொருள் கையில் படுகின்றது, எத்தனை ஆண்டு, முதலில் எந்த விரலில் தொடங்கியது, விடுமுறையில் ஊருக்குச் சென்றால் குறைகின்றதா, உடன் வேலை செய்வோர்க்கும் உண்டா, இதுவரை என்னென்ன பூசினீர். இவற்றுள் விடுமுறையில் குறைகின்றதா என்னும் வினா பொன் போன்றது. விடுமுறையில் ஆறி, வேலைக்குத் திரும்பியதும் எழும் கரப்பான் தன் மூலத்தைத் தானே சொல்லிவிடுகின்றது.

ஒவ்வாமைக்கு ஒரு சோதனை உண்டு. 1895இல் யோசப் யாதாசோன் என்னும் மருத்துவர் வெளியிட்ட முறை அது. ஐயத்திற்குரிய பொருள்களைச் சிறிதளவு முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, எவ்விடம் சிவந்துள்ளது என்று பார்ப்பர். ஊசியில்லை, வலியில்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல்நோய்ப் பிரிவில் இதைப் பற்றிக் கேட்கலாம்.

நாமே செய்யத்தக்கவை சில. மண்ணெண்ணெயாலும் தின்னராலும் வெளுக்கும் தூளாலும் கை கழுவுதல் கூடாது. மென்மையான சோப்பால் கழுவி, ஒற்றித் துடைத்து, ஈரம் முற்றும் உலருமுன் தேங்காயெண்ணெயோ பெட்ரோலியக் களிம்போ பூச வேண்டும்; உள்ளங்கைக்குத் தன் எண்ணெய் இல்லை என்பதை நினைவிற் கொள்க. இரவில் பூசிப் பருத்தி உறை அணிந்து உறங்கினால் பயன் மிகும். தடித்த தோலைப் பிளேடால் சீவுதல் ஆகாது. அதைக் கரைக்க யூரியாவும் சாலிசிலிக் அமிலமும் சேர்ந்த களிம்புகளை மருத்துவர் தருவார். எருக்கம்பாலும் சேராங்கொட்டையும் தடவுதல் கேடு. சேராங்கொட்டையின் சாறே கடும் ஒவ்வாமை தரும் பொருள்.

மருந்துக் கடையில் 'படைக்குக் களிம்பு' என்று கேட்டு வாங்கும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். அவற்றுள் பல ஸ்டீராய்டு கலந்தவை. முதல் வாரம் அரிப்பு மாயமாய் மறையும். பூஞ்சைப் படையாயின் அது உள்ளே பரவி, பின்னர் எம்மருந்திற்கும் எளிதில் அடங்காது. அதனாலேயே 2018இல் மைய அரசு, தோலில் பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்த்தது. அம்மருந்தே மருத்துவர் அளவோடு தரும்போது கரப்பானுக்கு நன்மருந்தாகும். அளவு அறிந்தவரிடம் செல்க.

உறையைப் பற்றி ஒரு சொல். குரோமிய ஒவ்வாமை உடையார் தோலுறை அணிந்தால் நோய் மிகும். பெரும்பாலான தோலுறைகள் குரோமியத்தால் பதனிட்டவை. ரப்பர் உறையில் சேரும் வேதிப்பொருள்களும் சிலர்க்கு ஒவ்வாமை தரும். நைட்ரைல் உறையும் அதன் உள்ளே பருத்தி உறையும் பொதுவாகத் தக்கவை. உள்ளே ஈரம் புகுந்தால் உடனே மாற்ற வேண்டும். ஆண்டுக்கொரு முறை ஒரு சோடி கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்குவது காப்பு ஆகாது.

சட்டம் தந்த இடம்

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். தொழிலாளர் நலம் முதலாளியின் இரக்கத்தில் நிற்கலாகாது, சட்டத்தில் நிற்க வேண்டும் என்னும் நெறியில் பல சட்டங்கள் அக்காலத்தும் அதனையடுத்தும் உருவாயின.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களுள் குரோமியப் புண்ணைச் சேர்த்தது. வேதிப்பொருள் படுவதால் வரும் கரப்பானும் பின்னர் அதில் சேர்ந்தது. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் குரோமியத்தால் வரும் நோய்களும் தொழிலால் வரும் தோல்நோய்களும் இடம்பெற்றன. இச்சட்டங்களின் இடத்தில், 2020இல் இயற்றப்பட்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டங்கள் இப்போது உள்ளன. அவற்றிலும் தொழில்நோய்களின் அட்டவணை உண்டு.

ஆனால் அட்டவணையில் நோயின் பெயர் இருப்பதால் மட்டும் பயன் விளையாது. அந்நோய் அத்தொழிலால் வந்தது என்று மருத்துவர் எழுதிய சீட்டு வேண்டும். 'கூலி' என்று எழுதிய சீட்டை எடுத்துச் சென்றால் எச்சட்டமும் கைகொடாது. 'தோல் பதனிடுதல், சுண்ணாம்புப் பிரிவு, 9 ஆண்டு' என்று எழுதிய சீட்டிற்கு வலிமை வேறு. தொழிலைச் சொல்லும் ஒரு சொல்லே மருந்துக்கும் வழி, நீதிக்கும் வழி.

'சொன்னால் வேலை போய்விடுமே' என்று கேட்பீர்கள். பொய்யான அச்சம் என்று நாம் கூறமாட்டோம். ஒப்பந்தக் கூலியாய் இருப்பவரை மறுநாள் வரவேண்டா என்று சொல்ல ஒரு நொடி போதும். எனவேதான் ஒருவராகச் சென்று சொல்வதினும் பிரிவிலுள்ள பலரும் சேர்ந்து, தொழிற்சங்கத்தோடு சென்று சொல்லுதல் நன்று. வேலையை விடுதல் ஒன்றே வழி என்பதும் இல்லை. ஈரப் பிரிவிலிருந்து உலர் பிரிவிற்கு மாற்றம் கேட்கலாம், தக்க உறையும் கைகழுவ நன்னீரும் கேட்கலாம். ஆனால் காலம் தாழ்த்தலாகாது. குரோமியக் கரப்பான் முற்றிவிட்டால், வேலையை விட்ட பின்னும் ஆண்டுக்கணக்கில் வருத்துவது உண்டு. முதல் வெடிப்பில் செல்பவரின் கை பெரும்பாலும் மீளும்; பத்தாம் ஆண்டில் செல்பவர்க்கு அவ்வுறுதியை எவரும் தர இயலாது.

இளைஞர் ஆற்ற வேண்டியவை

நம் சங்கத்தின் இளைஞர்கள் மூன்று பணிகளை மேற்கொள்ள வேண்டுகிறோம்.

ஒன்று: இந்த வாரமே வீட்டிலுள்ள பெரியோரின் இரு கைகளையும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அரிப்பு உண்டா, உணர்ச்சி உண்டா, எப்போது குறைகின்றது என்று கேளுங்கள். எத்தனையோ ஆண்டுகளாக எவரும் அவர்களை அவ்வாறு கேட்டதில்லை.

இரண்டு: கேட்டவற்றைத் தெளிவான தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தொழில், பொருள், ஆண்டு என மூன்று வரி போதும். எழுதத் தெரியாதவர்க்காக எழுதுவதே கற்றவன் செலுத்தும் முதல் கடன். வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் இயன்றால் ஒரு நாள் விடுப்பு எடுத்து உடன் செல்லுங்கள். சீட்டில் 'கூலி' என்று எழுதப்பட்டால், பணிவோடு அதனைத் திருத்திக் கேளுங்கள்.

மூன்று: தெருவாரியாக ஒரு குறிப்பேடு தொடங்குவோம். ஒரே தொழிற்கூடத்தில் ஒரே பிரிவில் பலர்க்குக் கை வெடித்திருப்பது அக்குறிப்பேட்டில் தெரியவந்தால், அது பலருடைய தனித்தனித் தலைவிதியாகத் தோன்றாது; ஒரே காரணத்தின் பல அடையாளங்களாகத் தோன்றும். அதன்பின் கேட்க வேண்டியதை உரிய இடத்தில் சேர்ந்து கேட்கலாம்.

மருத்துவம் பயிலும் நம் பிள்ளைகளுக்கும் ஒன்று கூறுவோம். நாளை நீங்கள் மேசைக்கு அப்பால் அமர்வீர்கள். வெடித்த கை ஒன்று உங்கள் முன் நீளும். தயங்காமல் அக்கையைப் பற்றுங்கள், தொழிலைக் கேளுங்கள், கேட்கும் குரலில் இழிவின் நிழலும் படாமல் கேளுங்கள். 'கூலி' என்று அவர் சொன்னால் அதனோடு நிறுத்திவிடாமல், 'என்ன பொருள் கையில் படுகிறது, அம்மா?' என்று இன்னும் ஒரு வினா கேளுங்கள்.

தடித்த கையைப் பிறவியின் முத்திரை என்று பிறர் சொல்லட்டும். நாம் அதைச் சொல்லலாகாது. அது சுண்ணாம்பின் செயல், சல்பைடின் செயல், குரோமியத்தின் செயல், உறை கொடாதவரின் செயல். காரணம் உடையது எதுவோ அது மாற்றத்தக்கது. அக்காரணத்தைப் பெயரிட்டுச் சொல்லும் துணிவை நம் பிள்ளைகளுக்குத் தருவதும் இச்சங்கம் தரும் கல்வியின் ஒரு பகுதியே.